மூன்றரை அடி பேஸ்மட்டமும் அத்தையின் சக்கர நாற்காலியும்

கேள்வி: நான் கடலூரில் பள்ளி ஆசிரியை. மாமனாருக்கு வயது 78, மாமியாருக்கு 73. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனமாகிவிட்டது. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார், வெளியே போனால் சக்கர நாற்காலிதான். 40க்கு 60 அடியில் வடக்குப் பார்த்த மனை ஒன்று மாமா பெயரில் இருக்கிறது. கீழே அவர்களுக்கு ஒரு வீடு, மாடியில் நாங்களும் இரண்டு பிள்ளைகளும் இருக்கத் தனி வீடு என்று கட்ட நினைக்கிறோம். பிற்காலத்தில் மாடியை வாடகைக்கு விடலாம், அல்லது வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தனார் திரும்பி வந்தால் கொடுக்கலாம். 2015 மழையின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதனால் பேஸ்மட்டம் மூன்றரை அடி ஏற்ற வேண்டும் என்கிறார் மேஸ்திரி. அப்படியானால் அத்தை எப்படி உள்ளே போவார் என்று கேட்டால், "சாய்தளத்துக்கு இடம் போதாது, நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்" என்கிறார். லிப்டுக்கு இப்போது பணம் இல்லை. படிக்கட்டை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? நாங்கள் கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து தூக்குவது எதற்கென்று உங்கள் மேஸ்திரிக்குத் தெரியாமலிருக்காது. அதை வீட்டு வாசலிலேயே ஏற்பாடு செய்துவைக்க வேண்டாம் என்று என் சார்பில் அவரிடம் சொல்லுங்கள். பேஸ்மட்டத்தை ஏற்றச் சொல்வதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2015 நவம்பரையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்த நாள்களையும் பார்த்த கடலூர்க்காரர் யாரும் தாழ்வான வீடு கட்ட மாட்டார். ஆக, உங்கள் கேள்வி பலவாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மட்டம். தெருவின் மட்டம், போர்டிகோவின் மட்டம், வீட்டுத் தரையின் மட்டம், குளியலறையின் மட்டம். கதவைப் பிறகு மாற்றலாம், கைப்பிடியைப் பிறகு பொருத்தலாம், லிப்டைக்கூடப் பத்து ஆண்டு கழித்து வாங்கலாம். மட்டத்தைப் பிறகு மாற்ற முடியாது. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே எழுதப்போகிறேன்.

முதலில் பேஸ்மட்ட உயரத்தை வாய்ப்பேச்சில் முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ 2015 வெள்ளத்தின் தடம் தெரிந்தால் அளந்து பாருங்கள். இல்லையென்றால் அந்த வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள், எந்தப் படி வரை வந்தது என்று காட்டுவார். முழங்கால் அளவு என்றால் சுமார் ஒன்றரை அடி. அதற்கு மேல் ஓர் அடி பாதுகாப்பு. சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று அரசு 2021இல் அறிவுறுத்தியிருந்தாலும், நம் அனுபவத்தை நம்பி அதற்கு இன்னும் அரை அடி வைப்போம். கூட்டினால் மூன்று அடி. மேஸ்திரி சொன்ன மூன்றரைக்கும் இதற்கும் வித்தியாசம் ஆறு அங்குலம்தானே என்று தோன்றும். சாய்தளத்தில் அந்த ஆறு அங்குலம் ஆறு அடி.

கணக்கு எளிது. ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டு நெறிமுறைகள் பொதுக் கட்டடங்களுக்குச் சொல்லும் சரிவு இதுதான். தனி வீட்டை யாரும் வந்து அளக்கப் போவதில்லை. ஆனால் 78 வயதில் மனைவியின் நாற்காலியைத் தள்ளப்போகிறவர் உங்கள் மாமனார் என்பதால் இதைவிடச் செங்குத்தாகப் போட வேண்டாம். பைக் ஏற்றுவதற்காக நாம் கேட்டில் போடுகிற சரிவைச் சாய்தளம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் வெறும் நாற்காலியை ஏற்றலாம், ஆள் உட்கார்ந்த நாற்காலியை ஏற்ற முடியாது. இறக்குவது அதைவிட ஆபத்து.

மூன்று அடிக்கு 36 அடி சாய்தளம். மேஸ்திரி இடமில்லை என்றது இதை நேர்கோடாக நினைத்துப் பார்த்ததால். பிரித்துப் பாருங்கள். கேட்டிலிருந்து போர்டிகோ வரை ஒன்பது அடி இடம் விட்டால், அந்த முற்றமே ஒன்பது அங்குலம் ஏறிவிடும், ஏறுவது கண்ணுக்குக்கூடத் தெரியாது. போர்டிகோ சமதளம். காரிலிருந்து நாற்காலிக்கு மாறும் இடம் சரிந்திருக்கக் கூடாது. மீதி 27 அங்குலத்துக்கு 27 அடி. இதை இரண்டாக மடித்து, பதின்மூன்றரை அடி போய், ஐந்துக்கு ஒன்பது அடியில் ஒரு சமதளத்தில் திரும்பி, மறுபடி பதின்மூன்றரை அடி வரச் செய்தால், போர்டிகோவுக்குப் பின்னால் ஒன்பது அடி அகலமும் பதினெட்டரை அடி நீளமும் உள்ள இடத்தில் முழுச் சாய்தளமும் அடங்கிவிடுகிறது. வடமேற்கில் போர்டிகோ, அதன் பின்னே மேற்கு ஓரமாகச் சாய்தளம். மேற்கே சுமார் பதினோரு அடியை இதற்கு ஒதுக்கி, கிழக்கே பக்க இடைவெளி விட்டாலும் வீட்டுக்கு 25 அடி அகலம் மிஞ்சும். சாய்தளம் திரும்புகிற இடத்துக்குப் பின்னால் தென்மேற்கு அறையை மேற்கு நோக்கி நீட்டிக்கொள்ளலாம். உங்கள் பொறியாளர் பக்க இடைவெளி விதிகளைப் பார்த்துக் காகிதத்தில் போடும்போது அரை அடி அங்கே இங்கே நகரும், நகரட்டும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு நல்ல சேதி: இந்த அமைப்பில் பெரியவர்களின் படுக்கையறை கன்னி மூலையில் வந்துவிடுகிறது, சமையலறை அக்கினி மூலையில். எனக்கு வாஸ்துவில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அது தானாகப் பொருந்திவரும்போது வாயைத் திறக்காமல் இருப்பது இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பாடம்.

சாய்தளம் எங்கே போய் முடிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பல வீடுகளில் அது கொல்லைப் பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் போய் முடியும். வீட்டுக்கு மூத்தவர் மட்டும் பின்வாசல் வழியாக நுழைவார். உங்கள் வீட்டில் அப்படி வேண்டாம். போர்டிகோவிலிருந்து ஏறும் ஐந்து படிகளும், சாய்தளமும், இரண்டும் ஒரே திண்ணையில் வந்து சேரட்டும். திண்ணை ஆறடி அகலமாவது இருக்கட்டும். அதன் ஒரு பக்கம் கீழ்வீட்டின் தலைவாசல், மறுபக்கம் மாடிக்குப் போகும் படிக்கட்டின் கதவு. ஒரு திண்ணை, இரண்டு கதவு. உங்கள் "உள்ளேயா, வெளியேயா" கேள்விக்கும் இதுதான் என் பதில். படிக்கட்டு கூரைக்குள் இருக்கும், ஆனால் கீழ்வீட்டுக்குள் இருக்காது. இன்று இரண்டு கதவையும் திறந்துபோட்டு ஒரே வீடாக இருங்கள். நாளை மாடிக்கு வாடகைக்காரர் வந்தால் உங்கள் ஹால் வழியாக அவர் போகத் தேவையில்லை. மாடிக்குத் தனி மின் இணைப்பு கேட்கும்போதும் தனி வழி, தனிச் சமையலறை, தனி வயரிங் இருப்பது கைகொடுக்கும். வயரிங்கைத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள், பிறகு சுவரை உடைத்துப் பிரிப்பது பெரும்பாடு.

சாய்தளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். நான்கடி அகலம் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஏனென்றால் அத்தைக்குப் பிடிக்கும் கை வலது கை. ஏறும்போது வலப்பக்கம் இருக்கிற கைப்பிடி இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பாதிப் பயணத்துக்குத்தான் உதவும். ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு சிறு வரம்பு கட்டுங்கள், சக்கரம் நழுவாது. தரையில் பளபளப்பான கல் வேண்டாம். துடைப்பத்தால் கோடு இழுத்த காங்கிரீட்டே போதும். மாடி வீட்டின் தளத்தை இதன் மேலே நீட்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சாய்தளம் நனையாது, மாடிக்கு ஒரு நல்ல பால்கனியும் கிடைக்கும். கீழ் முனையில் குறுக்கே ஒரு கம்பிவலை வடிகால் போடுங்கள். வலையின் இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், முன்சக்கரம் மிகச் சிறியது.

இனி தலைவாசல். நிலை வைக்கும் நாளில் தச்சர் கொண்டுவரும் வாசக்காலில் கீழே ஒரு மரப்படி இருக்கும். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பது அதில்தான். அந்தப் படி தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தூக்கி நிற்கும். 27 அடி சாய்தளம் கட்டி ஏறி வந்த நாற்காலி இந்த மரத்தில் முட்டி நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். படியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் மாமா கேட்கவும் மாட்டார். நிலைப்படியைத் தரைக்குள் இறக்கிப் பதியுங்கள், அதன் மேல்முகமும் டைல்ஸும் ஒரே மட்டமாக இருக்கட்டும். மஞ்சள் பூசவும் கோலமிடவும் அந்த மேல்முகம் போதும். மழைநீர் உள்ளே வராதிருக்கத் திண்ணைத் தரைக்கு வெளிப்புறமாக லேசான சரிவு கொடுங்கள். இதைத் தச்சரிடமும் கொத்தனாரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள், நிலை நிறுத்தும் நாளில் பக்கத்தில் நின்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்ற அவசரத்தில்தான் இந்தத் தவறு நடக்கும்.

கதவு அளவில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். என் பெற்றோருக்கு நான் வரைந்து கட்டிய வீட்டில், எல்லாரும் செய்வதுபோலக் குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு வைத்தேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய அன்றுதான் டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கச் சட்டமும் போகக் கிடைத்தது 25 அங்குலம். நாற்காலி 26. அந்த ஓர் அங்குலத்துக்காக நாற்பது நாள் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, அதைக் குளியலறை வரை இழுத்துக்கொண்டு போனோம். ஊருக்கெல்லாம் வீடு கட்டித் தருகிறவன் வீடு! ஆகவே நிலையை மூன்றரை அடியாகச் சொல்லுங்கள், உள்ளே மூன்றடி சுத்தமாகக் கிடைக்கும். கீழ்வீட்டில் எல்லாக் கதவுக்கும் இதே அளவு, பூஜையறைக்கும்கூட.

குளியலறைக்கு வருவோம். பெரியவர்கள் அறையை ஒட்டியதற்கு ஏழுக்கு எட்டடி ஒதுக்குங்கள். நாற்காலி முழு வட்டம் திரும்ப ஐந்தடி விட்டம் தேவை, வாக்கர் பிடித்தவருக்குத் துணை நிற்பவருக்கும் இடம் வேண்டும். இங்கேயும் மட்டம்தான் முதல் சண்டை. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு கிரானைட் துண்டை நிறுத்திவைப்பது கொத்தனார்களின் பழக்கம். தடுக்கி விழுவதற்கென்றே செய்த கல் அது. கீழ்த்தளக் குளியலறை என்பதால் நிரப்புமண்ணையே அந்த இடத்தில் சில அங்குலம் இறக்கிக்கொள்ளலாம். குளிக்கும் மூலை தொலைவில், அதை நோக்கி மெல்லிய சரிவு, வாசலருகே தரை அறையின் மட்டத்திலேயே இருக்கும். இப்படிச் செய்தால் தடுப்புக்கல் தேவைப்படாது. மாடியில் சங்கன் ஸ்லாப் (குளியலறைக்காகத் தாழ்த்தி வார்க்கும் தளம்) போடும்போதும் இதையே செய்துவையுங்கள்.

அத்தைக்கு இடது பக்கம் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரி குளியலறையின் வரைபடத்தையே தீர்மானிக்கிறது. கம்மோடில் உட்கார்ந்தால் அவருடைய வலக்கைப் பக்கம் சுவர் வர வேண்டும், கைப்பிடி அந்தச் சுவரில் இருக்கும். கண்ணாடி பார்த்தாற்போல் மாற்றிக் கட்டிவிட்டால் கைப்பிடி செயலற்ற கையின் பக்கம் போய்விடும். இடப்பக்கம் உதவியாளர் நிற்க மூன்றடி இடம் விடுங்கள், மடக்கும் கைப்பிடி ஒன்று அங்கே வைக்கலாம், அது மாமாவுக்கு உதவும். கம்மோடின் உயரம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குளிக்கும் இடத்தில் சுவரோடு மடங்கும் இருக்கை, அதற்கும் வலப்பக்கம் பிடிமானம். கீசர் வெந்நீரில் இன்னொரு கவனம் வேண்டும். பக்கவாதம் தாக்கிய பக்கத்தில் சூடு உறைக்காமல் போகலாம், தோல் வெந்த பிறகே தெரியும். வெப்பம் ஒரு அளவுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தும் குழாய் வாங்குங்கள். அந்தச் செலவை அலங்கார விளக்குகளில் குறைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடியை நாளைக்குப் பொருத்தினாலும் சுவரை இன்றே தயார் செய்ய வேண்டும். எடை குறைந்த ஏஏசி கற்களிலோ உள்ளீடற்ற கற்களிலோ சாதாரணத் திருகு ஆள் பாரத்தைத் தாங்காது. தடுமாறும் மனிதர் முழு எடையையும் ஒரே இழுப்பில் அதில் போடுவார். கைப்பிடி வரும் இடங்களில் மட்டும் கெட்டிச் செங்கல்லோ காங்கிரீட் பட்டையோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன் பக்கத்தில் டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பிறகு எங்கே துளை போடலாம் என்று தெரியும்.

குளியலறைக் கதவு உள்ளே திறக்கக் கூடாது. உள்ளே விழுந்தவர் கதவுக்கு எதிரே கிடந்தால் யாரும் திறக்க முடியாது. வெளியே திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க வழி இருக்கட்டும். கம்மோடில் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணி, அதன் சத்தம் மாடியிலும் கேட்க வேண்டும்.

இந்த மணி என்னை வேறொரு விஷயத்துக்குக் கொண்டுபோகிறது. நீங்கள் நால்வரும் மாடியில், அவர்கள் இருவரும் கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். தனிமை எல்லாருக்கும் வேண்டியதுதான், மாமியார் மருமகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதில் தவறில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அத்தையை எழுப்பி அழைத்துப்போகிறவர் 78 வயது மனிதர் ஒருவர் மட்டுமே என்ற திட்டம் அதிக நாள் ஓடாது. கீழ்வீட்டை இரண்டு படுக்கையறையாகவே கட்டுங்கள். இரண்டாவது, பெரியவர்கள் அறையை ஒட்டிய சின்ன அறையாக இருந்தாலும் சரி. இன்று அங்கே மாறி மாறி நீங்களோ உங்கள் கணவரோ படுக்கலாம். நாளை பகல் நேரத்துக்கு உதவியாளர் ஒருவர் வந்தால் அவருக்கும் ஓர் இடம். இருபது ஆண்டு கழித்து நீங்கள் மாடியிலிருந்து கீழே இறங்கி வரும்போது அதே அறை, அதே குளியலறை உங்களுக்கு. கீழ்வீடு, அதற்குள் ஒருவர் எல்லாமும் செய்துகொள்ளும்படி முழுமையாக இருக்க வேண்டும். மாடி, யார் கைக்கு மாறினாலும் கீழே இருப்பவருக்குப் பாதிப்பில்லாதபடி இருக்க வேண்டும். தம்பி குடும்பம் வரலாம், வாடகைக்காரர் வரலாம், உங்கள் மகளே திரும்பி வரலாம். இன்றைய ஏற்பாட்டை மட்டும் வைத்துச் சுவர் எழுப்பாதீர்கள்.

மாடிக் குளியலறைகள் கீழ்க் குளியலறைகளுக்கு நேர் மேலேயே வரட்டும். பெரியவர்கள் படுக்கும் அறைக்கும் பூஜையறைக்கும் மேலே தண்ணீர்க் குழாய் போகக் கூடாது. கசிவுச் சண்டை வாடகைக்காரரோடு வந்தால் தீர்த்துவிடலாம், சொந்தத் தம்பியோடு வந்தால் தீராது.

படிக்கட்டில் நம்பிக்கையும் முழங்காலும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் ஒன்று உண்டு. தளத்துக்குத் தளம் பத்தடி என்றால் 120 அங்குலம். ஒற்றைப்படையில்தான் வேண்டும் என்பார்கள் வீட்டில். இடம் மிச்சம் பிடிக்க மேஸ்திரி பதினேழு என்பார், அப்போது ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்கு மேல். நீங்கள் இருபத்தொன்று கேளுங்கள். படிக்கு ஐந்தே முக்கால் அங்குலம்கூட வராது, மூட்டுவலிக்காரரும் மூச்சு வாங்காமல் ஏறுவார். மிதிக்கும் அகலம் 11 அங்குலம், படிக்கட்டின் அகலம் நான்கடி, நடுவில் ஓர் இளைப்பாறும் தளம். ஸ்ட்ரெச்சர் அந்தத் தளத்தில் திரும்ப வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். 108 வண்டிக்காரர்கள் வளைவில் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு படியின் விளிம்பும் வேறு நிறத்தில் இருந்தால் இறங்கும்போது கண் ஏமாறாது. கறுப்பு கிரானைட் படிக்குக் கறுப்பு விளிம்பு என்பது அழகாக இருக்கும், விழவும் வைக்கும்.

லிப்டுக்கு இப்போது பணம் வேண்டாம், இடம் மட்டும் வேண்டும். திண்ணையை ஒட்டி ஆறுக்கு ஆறடியில் ஒரு சிறு ஸ்டோர் ரூம், கதவு திண்ணைப் பக்கம். மாடியில் அதற்கு நேர் மேலே அதே அளவில் இன்னொன்று. கீழே செருப்பும் சைக்கிளும், மேலே பழைய புத்தகங்களும் இருக்கட்டும். செய்ய வேண்டியவை மூன்று. கீழ் ஸ்டோர் ரூமின் தரைக்கடியில் எந்த பீமும் குறுக்கே போகக் கூடாது, பின்னாளில் குழி தோண்ட வேண்டிவரும். முதல் தளத்தில் அந்தச் சதுரத்தைச் சுற்றி பீம் போட்டு, நடுத்துண்டு ஸ்லாபைத் தனியாக வார்த்து வைக்க வேண்டும், அதை வெட்டி எடுத்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. மேல் ஸ்டோர் ரூமின் கூரை கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். சக்கர நாற்காலி நுழைய லிப்டின் உள்பெட்டி 1.1 மீட்டருக்கு 1.4 மீட்டராவது வேண்டும். விற்க வருகிறவர் இரண்டு பேர் நிற்கும் அழகான கண்ணாடிப் பெட்டியைக் காட்டி மயக்குவார், மயங்க வேண்டாம். லிப்ட் வைக்கும்போது மின் ஆய்வுத் துறையின் உரிமமும் வாங்க வேண்டும். லிப்ட் திண்ணையில் திறப்பதால் மாடியில் யார் இருந்தாலும் அவர்களுக்கும் பயன்படும். சாய்தளத்தில் ஏறி வரும் அத்தையும் நேராகப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மேலே போகலாம்.

சின்னவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சுகள் மூன்றரை அடியில், பிளக்குகள் தரையிலிருந்து இரண்டடியில் இருக்கட்டும், குனிய வேண்டாம். அறையிலிருந்து குளியலறை வரை காலடியில் ஆள் வந்தால் எரியும் விளக்கு. கட்டிலின் மூன்று பக்கமும் மூன்றடி. ஜன்னலின் அடிச்சுவர் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம், படுத்தபடியே வெளியே பார்க்க முடிய வேண்டும். சமையல் மேடையில் ஒரு மூன்றடித் துண்டை 30 அங்குல உயரத்தில், கீழே அலமாரி இல்லாமல் விடுங்கள். ஒரு கையால் முடிந்த வேலையை அத்தை அங்கே உட்கார்ந்து செய்வார். கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

அனுமதி விஷயம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கட்டுகிறவர்களுக்கு உடனடி அனுமதி தருகிறது. உங்கள் மனை 2,400 சதுர அடி, பொருந்தும். ஆனால் திட்டம் தொடங்கியபோது வைக்கப்பட்ட உயர வரம்பு 7 மீட்டர். மூன்றடி பேஸ்மட்டமும் இரண்டு பத்தடித் தளங்களும் சேர்ந்தால் 23 அடி, அதாவது 7 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. மூன்றரை அடி என்றால் தாண்டிவிடும். மேஸ்திரியிடம் வாதாட உங்களுக்கு இன்னொரு காரணம். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வரம்பைப் பார்த்து உங்கள் பொறியாளர் இந்தக் கணக்கைப் போடட்டும்.

மனை மாமா பெயரில் இருக்கிறது, கடன் உங்கள் பெயரில் வரும், மாடி ஒருவேளை கொழுந்தனாருக்கு. இது என் துறை இல்லை. ஆனால் கட்டி முடித்த பிறகு கட்டடத்தைவிட இதில்தான் அதிக விரிசல் விழுகிறது. மாடியை ஒருவருக்கு எழுதும்போது மனையில் பிரிக்கப்படாத பங்கையும் சேர்த்து எழுத வேண்டும். தான செட்டில்மெண்ட் எழுதினால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு வழி தருகிறது. மருமகளாகிய நீங்களே இதை எடுத்துச் சொன்னால் மாமாவுக்கு உங்கள் மேல் மரியாதை கூடும். கொழுந்தனாரோடு ஒரு வீடியோ அழைப்பில் எல்லாரும் உட்கார்ந்து, கடைக்கால் எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, செலவு ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள். மனை பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், வரைபடத்தில் உள்ள திண்ணை, பெரியவர்கள் அறை, குளியலறை, சாய்தளத்தின் திருப்பம் நான்கையும் மண்ணில் முழு அளவில் கோடு போடச் சொல்லுங்கள். கதவு வரும் இடத்தில் இரண்டு செங்கல். கட்டிலுக்கும் கம்மோடுக்கும் பதிலாகப் பழைய அட்டைப்பெட்டிகள். அத்தையை நாற்காலியோடு அழைத்துப்போய், படுக்கையிலிருந்து குளியலறை வரை அந்தக் கோடுகளுக்குள் தள்ளிப் பாருங்கள். எங்கே கோட்டை மிதிக்கிறதோ அங்கே சுவரை நகர்த்துங்கள், அன்றைக்கு அது காலால் அழிக்கிற சுண்ணாம்புதான். மண் இறுகி இருக்க வேண்டும், அதனால் மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். மாமாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுபோங்கள். அவர் உட்கார மாட்டார், நின்றுகொண்டே யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். அவற்றில் ஒன்றிரண்டு சரியாகவும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.